பஸ் வேகம் எண்பத்து மூன்று

கண்ணாடி போடாமல் மருந்துப் புட்டியின் எழுத்தைப் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, உங்களில் எத்தனை பேர் கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்திருக்கிறீர்கள்? இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது தட்டையான ஒரு பொருள், கெட்டால் தூக்கிப்போட்டு வேறு வாங்குவது. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது இரும்புப் பெட்டி. நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஊரே தெரியும். எனக்கு அப்போது பதினாலு வயது. அந்த ஊருக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

வெறி வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. கிள்ளானில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை பழைய பேப்பர் வாங்கும் லோரி வரும். "பேப்பர் லாமா, பேப்பர் லாமா" என்று ஒலிபெருக்கியில் ஒரே ராகமாக ஓடும். எல்லாரும் அந்த லோரிக்குப் பேப்பரைப் போடுவார்கள், நான் அதிலிருந்து எடுப்பேன். ஒருநாள் ஒரு கட்டுக் கணினிச் சஞ்சிகைகள் கிடைத்தன. யாரோ படித்து, ஓரத்தில் பேனாவால் குறித்து, காப்பிக் கறையோடு போட்டிருந்தார்கள். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. புரியாத பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சஞ்சிகைகளில்தான் 'ஓவர்கிளாக்' என்ற சொல்லை முதலில் பார்த்தேன். விஷயம் இதுதான். மலிவான சிப்பும் விலை கூடிய சிப்பும் ஒரே பானையில் வெந்த சோறு. தொழிற்சாலைக்காரன் ஒன்றுக்கு மெதுவான வேகம் என்று முத்திரை குத்தி மலிவாக விற்கிறான். சிப்பைப் பொருத்தும் மதர்போர்ட் என்ற பலகை இடம் கொடுத்தால், நாமே வேகத்தைக் கூட்டி, மலிவான சிப்பை விலை கூடிய சிப்புபோல ஓட்டலாம். எல்லா மதர்போர்டும் இடம் கொடுக்காது. சிலவற்றில்தான் அந்த வசதி இருக்கும். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாக அதே நேரத்தில் அக்காவுக்குக் கணினி தேவைப்பட்டது.

அக்கா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்த கல்லூரி ஒன்றில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவம். மாடி வீடு ஒன்றை முப்பரிமாணத்தில் வரைந்து, நிழல் விழுந்த படங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆறு வார அவகாசம். கல்லூரியில் இருந்த கணினிகளுக்கு மாணவர்கள் வரிசை பிடித்து நின்றார்கள். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அக்கா கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது முகம் செத்துப்போயிருக்கும்.

அவள் தேறாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அப்பா பேக்டரி பஸ் ஓட்டினார். விடியும் முன்னே வீடுகளிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைகள் இருக்கும் தெலுக் பங்லிமா காராங்கில் இறக்கிவிடுவார், மாலையில் திருப்பிக் கொண்டுவருவார். எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியின் மதிப்பு விழுந்த காலம் அது. மறுபடியும் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை. அக்காவும் அந்தப் பெண்களில் ஒருத்தியாக வேண்டியதுதான். ஒருநாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எல்லா வீட்டுப் பிள்ளைங்களையும் நான் ஏத்திட்டுப் போறேன். அது தப்பில்ல, கௌரவமான வேலைதான். ஆனா என் மக என் பஸ்ஸுல ஏறக் கூடாது. அவ படிக்கணும்."

அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, வங்கியில் குமாஸ்தா. வீட்டில் அவர் சொன்னால் அது தீர்ப்பு. கடையில் பெட்டியோடு தயாராக இருக்கும் கணினியைத் தவணையில் வாங்குங்கள் என்றார். தவணை என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. கடைசியில் மாமாவே தன் அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு பெட்டி, திரை, ஹார்ட் டிஸ்க் மூன்றையும் கொண்டுவந்து தந்தார். மதர்போர்டும் சிப்பும் மெமரியும் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். "எதையாவது மலிவா வாங்கிப் பொருத்தச் சொல்லுங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதையாவது! எனக்கு ரத்தம் கொதித்தது. என்னிடம் ஒரு சஞ்சிகைக் கட்டு இருந்தது. அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் பேச்சைப் பாதியில் நிறுத்தாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"சரி, சனிக்கிழமை போவோம். நீயே பாத்து எடு," என்றார்.

சனிக்கிழமை இருவரும் கோலாலம்பூர் போனோம். இம்பி ரோட்டுப் பக்கம் கணினிக் கடைகளாகவே அடுக்கி வைத்த கட்டடம் ஒன்று இருந்தது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மின்படிக்கட்டு பாதி நாள் ஓடாது. குளிர்சாதனக் காற்றில் புது பிளாஸ்டிக் வாசமும் ஈயம் உருகிய வாசமும் கலந்து வரும். எனக்கு அந்த வாசம் கோயில் கற்பூரத்துக்குக் குறைந்ததில்லை. ஐந்தாறு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு சீன அங்கிளின் கடையில் நின்றோம். அவர் அப்பாவைப் பார்த்து, "பாஸ், பட்ஜெட் பெராப்பா?" என்று, எவ்வளவு பணம் இருக்கிறது என மலாயில் கேட்டார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கிள் மூன்று போர்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். வெள்ளி நிறப் பைக்குள் இருந்து ஒவ்வொன்றாக உருவினார். முதலாவது மிக மலிவு. படம், ஒலி எல்லாம் அதிலேயே ஒட்டியிருக்கும், ஆனால் எதையும் மாற்ற முடியாது. மூன்றாவது ராஜா வீட்டுப் பிள்ளை. திரையிலேயே பட்டியல் வரும், விசைப்பலகையைத் தட்டி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். விலையைக் கேட்டதும் அப்பா அதன்மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார்.

நடுவில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பச்சைப் பலகை. ஓரத்தில் பொடிப் பொடியாகக் கம்பிகள் நின்றன. அந்தக் கம்பிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்து ஜம்பர் என்ற குட்டித் தொப்பியை மாட்ட வேண்டும். தொப்பியை எந்தக் கம்பியில் மாட்டுகிறோமோ அந்த வேகம். நான்கு வேகம் இருந்தது. அறுபத்தாறு, எழுபத்தைந்து, எண்பத்து மூன்று, நூறு. நான் வாங்க நினைத்திருந்த சிப்பின் முத்திரை வேகம் அறுபத்தாறு. நூறு வரை போகலாம் என்று சஞ்சிகையில் யாரோ பேனாவால் கோடிட்டிருந்தார்கள்.

"இது போதும்," என்றேன்.

அங்கிள் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "அடிக் ஓவர்கிளாக் தெரியுமா?" என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோல் மலாயில் அழைத்துக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு பெரிய விசிறியை எடுத்து வைத்து, சிப்பு சூடாகும், இதையும் வாங்கிக்கொள் என்றார். கையிலிருந்த காசு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. சிப்போடு வந்த சின்ன விசிறியே போதும் என்று நான் பெரிய மனுஷிபோல் தலையாட்டினேன். மிச்சமிருந்த காசில் அப்பா எனக்கு மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும் சிரப் ஐஸும் வாங்கித் தந்தார். பெரிய விசிறிக்குப் போக வேண்டிய காசைத்தான் நான் அன்று ருசித்துச் சாப்பிட்டேன் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மீ நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் தரையில் பாயை விரித்துப் பொருத்தினேன். ஜம்பர் விரலில் சிக்காது, அக்காவின் புருவம் திருத்தும் இடுக்கியால்தான் பிடிக்க முடிந்தது. ஒரு தொப்பி தவறி விழுந்து, வீடே தவழ்ந்து தேடி, கடைசியில் அப்பாவின் செருப்புக்கு அடியில் கிடைத்தது. நூறுக்கு மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். திரையில் சிப்பின் வேகம் வந்தபோது, பெட்டியில் அச்சிட்டிருந்ததைவிட ஒன்றரை மடங்கு. நான் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

கல்லூரியில் ஒரு மணி நேரம் எடுத்த படம் எங்கள் வீட்டில் அரை மணியில் முடிந்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சண்டையைத் தவிர வேறொன்றுக்காக அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் படம் கூரை வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. மவுஸின் அம்புக்குறி அசையவில்லை. எங்கள் வீட்டுக்கு ஜிங் தகரக் கூரை. மத்தியான வெயிலில் உள்ளே நமக்கே வேர்த்து ஊற்றும். காலைச் சவாரி முடித்து ஓய்வில் இருந்த அப்பா எழுந்து வந்தார். போர்டோடு வந்த குட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இங்க பாரு. பஸ் ஸ்பீட்னு போட்டிருக்கான். நீ எவ்வளவுல வெச்சிருக்க?"

"நூறுப்பா."

"நூறா! பஸ்ஸ எவனாவது நூறுல ஓட்டுவானா?"

நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். படம் நின்றுபோன கவலைகூட ஒரு நிமிடம் மறந்துவிட்டது. கணினிக்குள் ஓர் உறுப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகிற வழிக்குப் பெயர்தான் பஸ் என்று நான் விளக்கினேன்.

"தகவல ஏத்திட்டுப் போகுது, கொண்டுபோய் இறக்குது. அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"அப்ப பஸ்தான். எங்கிட்ட கேளு. என் பஸ்ஸுக்குப் பின்னால எண்பதுன்னு ஒட்டியிருக்கான். அதுக்கு மேல ஓட்டினா ஓடும், ஓடாதுன்னு சொல்லல. ஆனா இன்ஜின் சூடாகும், நடு ரோட்டுல நிக்கும். இங்க எண்பத்து மூணுன்னு ஒண்ணு இருக்கு பாரு. அதுல வை. மூணு கிலோமீட்டருக்கு எந்த போலீஸ்காரனும் சம்மன் எழுத மாட்டான் லா."

சிரித்தாலும் அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நூறைவிட எண்பத்து மூன்று குறைவு. குறைவு என்றால் பத்திரம். யாரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வார்கள்? இடுக்கியை எடுத்து ஜம்பரை மாற்றினேன்.

அதற்குப் பிறகு படம் நிற்கவே இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேக்டரி வாசலில் மற்ற டிரைவர்களிடம், "கம்ப்யூட்டர்லயும் பஸ்தான் ஓடுது, தெரியுமா உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்து நாள் போயிருக்கும். அக்கா வரைந்த வீட்டில் மாடி ஜன்னல் ஒன்று காணவில்லை. "போட்டேனே," என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வரைந்தாள். இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டு வரைந்த கோப்பு ஒன்று திறக்க மறுத்தது. அந்த ஜன்னல் எங்கே போயிருக்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. பயந்திருந்தால் தேவலை. அடுத்த திங்கட்கிழமை காலை சுவிட்சைப் போட்டபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்றது. டிஸ்க்கில் எதுவும் இல்லை. ஃபிளாப்பியில் அடங்கிய அளவுக்குக் கீழ்த்தளம் மட்டும் தப்பியிருந்தது. ஒப்படைக்க ஒன்பது நாள் இருந்தது.

அக்கா அழவில்லை. கல்லூரிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அடுத்த பருவத்தில் மறுபடி கட்டணம் கட்டி ஒப்படைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் குற்றவாளி யார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"மச்சான், சின்னப் புள்ள பேச்ச கேட்டு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? கம்பெனிக்காரன் வெச்ச வேகத்த இவ எதுக்கு மாத்துறா? அக்காக்காரி படிப்பையே கெடுத்துட்டா."

நான் கதவோரம் நின்றேன். அந்த நிமிடம் நான் செத்துப்போனால் நல்லது என்று உண்மையாகவே நினைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"கெடுத்தது நான்தான். வேகத்த மாத்தி வைக்கச் சொன்னது நான். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

மாமா பெட்டியை மூடிவிட்டு எழுந்தார். பிறகு வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாகூடத் திட்டவில்லை. எனக்காக அவர் பொய் சொன்னார் என்று நான் முடிவு செய்தேன். ஒரு வாரம் நூறில் ஓட்டி டிஸ்க்கைக் கெடுத்தது நான், பழியைத் தூக்கிக்கொண்டது அவர். திட்டு வாங்கியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். வாங்காத திட்டு வருடக்கணக்கில் உள்ளே கிடந்து உறுத்தியது.

அக்கா அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். ஆறு மாதம். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. விடியற்காலையில் நான் பல்துலக்கிக்கொண்டே வேலியோரம் நின்று பார்ப்பேன். வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும், முதல் பயணி அவள்தான். அப்பா அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டு நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர்களைப் பார்க்கும் கண்ணாடியை அவர் மேல்நோக்கித் திருப்பி வைத்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். ஆறு மாதமும் அது கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம். சம்பளத்தைச் சேர்த்துக் கட்டணம் கட்டி, திரும்பப் போய், கல்லூரிக் கணினியிலேயே வரிசையில் நின்று அதே வீட்டை மறுபடி வரைந்து தேறினாள்.

அந்த போர்டு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. வீடு மாறும்போது தொலைந்தது. இன்று கையில் கிடைத்தால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன்.

படித்து முடித்து, கணினிகளோடு புழங்கும் வேலைக்கே நானும் போனேன். முதல் வருடம், கூட வேலை செய்தவர் ஒருவரோடு பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையொன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது பழைய கதைகள் வந்தன. அவரும் சின்ன வயதில் இதே பைத்தியம். நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் சொன்னேன். ஒரு வாரம் நூறு, அப்புறம் எண்பத்து மூன்று, அப்புறம் எல்லாம் போச்சு.

"நூறுல ஒண்ணும் ஆகியிருக்காதே," என்றார் அவர். "சூட்டுல நின்னிருக்கும், அவ்வளவுதான். பெரிய ஃபேன் போட்டா சரி. எண்பத்து மூணுதாங்க வில்லன்."

காகித நாப்கினில் எழுதிக் காட்டினார். பஸ்ஸின் வேகத்தை வகுத்துத்தான் டிஸ்க்குக்கு அனுப்புகிறது போர்டு. அறுபத்தாறை இரண்டால் வகுத்தால் முப்பத்து மூன்று. நூறை மூன்றால் வகுத்தாலும் முப்பத்து மூன்று. டிஸ்க்குக்கு வேண்டியது அதுதான். எண்பத்து மூன்றுக்கு மூன்றால் வகுக்கும் வழி அந்த போர்டில் கிடையாது. இரண்டால் வகுத்தால் நாற்பத்தொன்றுக்கு மேல். டிஸ்க்கால் தாங்க முடியாது. சத்தமில்லாமல் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டே போகும். ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு, அப்புறம் மொத்தமும்.

தே தாரிக் ஆறிப்போனது. அப்பா சொன்னது பொய்யே இல்லை. எனக்காக அவர் ஏற்றுக்கொண்ட பழி, அவருக்கே தெரியாமல், அவருடையதாகவே இருந்திருக்கிறது. எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பஸ் ஓட்டிய மனிதரின் நல்ல புத்தி அது. உலகத்தில் எந்தச் சாலையிலும் செல்லும், அந்தப் பச்சைப் பலகை ஒன்றைத் தவிர.

அன்று மாலை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாத, என்ன?" என்றாள்.

சொல்லவில்லை. இனி, போன தீபாவளிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அக்கா தானே வரைந்து கட்டிய வீட்டில் விருந்து. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்காலில் வலி. வந்தவர்கள் எல்லாம் கூடத்தில் இருக்க, நானும் அவரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் கட்டடத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜன்னலாக எண்ணுவதுபோல் இருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும். நீ அந்தத் துறையிலதானே இருக்க, உனக்குத் தெரிஞ்சிருக்கும். உண்மையச் சொல்லு. அன்னைக்கு நான் கொறைக்கச் சொன்னதாலதான் அது கெட்டுச்சா?"

இருபத்தேழு வருடமாக அவருக்குள்ளும் அது கிடந்திருக்கிறது. மாமாவிடம் அவர் சொன்னதில் என்னைக் காப்பாற்றும் எண்ணம் பாதி இருந்திருக்கலாம். மீதிப் பாதி அவருடைய சொந்தப் பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்லப்பா," என்றேன். "என் தப்புதான். ஒரு வாரம் நூறுல ஓட்டினேன்ல, அதுலயே டிஸ்க் போயிடுச்சு. நீங்க சொன்னப்ப ரொம்ப லேட்."

"நெஜமா?"

"நெஜமாப்பா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்தது.

"அறிவிருக்கா உனக்கு? புத்தகத்துல பஸ் ஸ்பீட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். வாங்கிட்டு வந்த அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? பஸ் ஓட்டுறவன் வீட்டுலயே இருக்கேன். பெரிய இவ மாதிரி நூறுல வெச்சிருக்கா. உங்க அக்கா ஆறு மாசம் என் பின்னால உக்காந்து வந்தா, தெரியுமா உனக்கு? ஒருநாளாவது யோசிச்சுப் பாத்தியா?"

சத்தம் கேட்டு உள்ளே பேச்சு நின்றது. அக்கா வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, பதினாலு வயதில் வாங்கியிருக்க வேண்டிய திட்டை முழுதாக வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். திட்டத் திட்ட, பாரம் இறக்கிவைத்தவர்போல் அவர் தோள் தளர்ந்துகொண்டே வந்தது.